மொழி: மற்றவை

இரண்டாம் புயல் எச்சரிக்கை ஏற்றிய பிற்பகல்
மதாம் எக்லாந்தின் டாக்சியில் கொண்டுவந்து இறக்கினாள்
மூன்று பெட்டிப் புத்தகம்.
"என் புருஷனின் அப்பா விட்டுப்போனவை.
கரையான் தின்னவில்லை, நானும் படிக்கவில்லை.
ரசீது வேண்டும்."

புருஷன் பொனவெந்துரா ஃபர்ரியோல்,
போர்ட் லூயியில் கப்பல்களுக்குக்
கயிறும் தாரும் விற்ற கடையின் கணக்கர்.
எந்த ஊர் என்றேன்.
"பார்சலோனா. ஆனால் ஸ்பானியன் என்று யாராவது சொன்னால்
அன்று ராத்திரி சாப்பிடமாட்டார்."

கணினியில் மொழிக்கென்று ஒரு பட்டியல்.
பிரெஞ்சு உண்டு, இந்தி உண்டு,
நான் மூன்று தடவை மனுப் போட்டதில் தமிழும் உண்டு.
கத்தலான் இல்லை.
'மற்றவை' என்று அழுத்தினேன்.
விரல் கொஞ்சம் கூசியது.

பாதி பிரெஞ்சறிவு, பாதி யூகம், அப்படித்தான் படித்தேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தை ஒட்டி
அங்கே ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது:
நெளிந்த கொடிகள் போதும், மூடுபனி போதும்,
இனி வெயில், தூண், அளவு என்று.
நகரத்தை ஒரு நல்ல வாக்கியம்போல எழுத நினைத்தவர்கள்.
ஊர்களில் நூலகம் திறந்தார்கள்;
அதை நடத்தப் பெண்களுக்கென்றே ஒரு பள்ளி.
இந்த வரியில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பெயர் நௌசென்டிஸ்மே.
நௌ என்றால் அவர்களுக்கு ஒன்பது; நௌ என்றால் புதிது.
நமக்கு நவம் இரண்டுக்கும் ஆவதுபோல.

பக்கத்தைத் திருப்பினால் ஒரு படம்.
கூடை நிறையத் திராட்சையைத் தலையில் தாங்கித்
தூணாக நிற்கிறாள் ஒருத்தி.
கழுத்தில் சுளுக்கில்லை. நெற்றியில் வியர்வையில்லை.
பின்னால் அளந்து நட்ட சைப்ரஸ் மரங்கள்.

எனக்குக் கோபம் வந்தது, சொல்லிவிடுகிறேன்.
நேர்கோடு இந்தத் தீவுக்கு வந்த வழி வேறு.
கரும்புக்கு வரிசை பிடித்தது சர்தாரின் கயிறு.
வயலில் கறுப்புப் பாறையைப் பெயர்த்துச் சுமந்து
கோபுரம் கோபுரமாகக் குவித்த பெண்களின் தலை
எந்த மண்டபத்தையும் தாங்கவில்லை.
குவியல்கள் இன்னும் நிற்கின்றன.
ஃப்லாக் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் பாருங்கள்.
ஒழுங்கே அழகு என்பவரிடம்
கயிறு யாருடையது என்று கேட்க வேண்டும்.

மூடப் போனவள் மூடவில்லை.
அடியில் இன்னொன்று, ரொட்டி நிறத்தில், சின்னதாக:
எழுத்துக்கூட்டல் விதிகள்.
ஆளுக்கொரு விதமாய் எழுதிக்கொண்டிருந்த மொழிக்கு
உட்கார்ந்து, சண்டை போட்டு,
ஆத்திரம் தீராமலே ஒப்புக்கொண்ட விதிகள்.

இந்தத் துறைமுகத்தில் பெரியகருப்பன் என்று ஒருவர் இறங்கினார்.
குமாஸ்தாவின் காது போன போக்கில்
பெரியாகார்ப்பென் ஆனார்.
என் அண்ணனின் பத்திரத்தில் ஓர் எழுத்துக் குறைவு.
தம்பிக்கு இரண்டு அதிகம்.
ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்
வங்கிக்குப் போனால் அந்நியர்.
எங்களுக்காக யாரும் உட்கார்ந்து சண்டை போடவில்லை.

மதாம் எக்லாந்தின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
அட்டையில் பெரிதாய் அந்தச் சொல்லின் முதல் மூன்று எழுத்து.
கிரெயோல் வாயில் 'நூ' என்று வாசித்தாள்.
நூ என்றால் இங்கே நாம்.
"நாம் என்றா போட்டிருக்கிறது?
நாற்பது வருஷம், ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன்."
நான் திருத்தவில்லை.

ரேடியோ மூன்று என்றது.
அவள் முன்னால் பிடிக்க, நான் பின்னால் பிடிக்க,
பெட்டிகள் தண்ணீர் எட்டாத தட்டுக்கு ஏறின.
கடைசிப் பெட்டியை ஏற்ற வழியில்லாமல்
தலையில்தான் வைத்துக்கொண்டேன்.
கழுத்து இன்னும் வலிக்கிறது.

ரசீதில் என் பெயரை எந்தக் கூட்டலில் எழுதுவது?
பேனா நின்றது.
விளக்கும் போனது.
இருட்டிலேயே எழுதிக் கொடுத்தேன்,
தமிழில், முழுப் பெயர்.
கோடு கோணியிருக்கும்.