டோபின் இருந்த வீடு

தபால்பெட்டியில் எனக்கு முன்பே வந்து காத்திருந்தன
டோபின் ஹாஸ்கெல்லுக்கான கடிதங்கள்.
பல் மருத்துவர் நினைவூட்டுகிறார்.
மீன்பிடி உரிமம் காலாவதியாகப் போகிறது.
நூலகம் மூன்றாம் முறையாகக் கேட்கிறது,
பாலங்கள் பற்றிய அந்தப் புத்தகம் எங்கே என்று.

நான் ஜுசாரா.
பிரேசிலின் மலைநாட்டிலிருந்து
இரண்டு பெட்டி, ஒரு பிரஷர் குக்கர்,
வெட்டுக்கிளிகளோடு ஐந்தாண்டு வாழ
இது போதுமென்று யாரோ நம்பிய
ஓர் உதவித்தொகை.

லாரமியில் கதவைத் திறந்தால்
காற்று முதலில் நுழைகிறது, நான் பிறகு.
ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர்
அவசரப்பட்டுக் கொதிக்கிறது,
சூடுதான் போதவில்லை.
குக்கரின் ரப்பர் வளையத்தைக் காணோம்.
மூன்று மணி நேரம் வெறும் பாத்திரத்தில் கிடந்த கறுப்பு பீன்ஸ்
பல்லில் கூழாங்கல்லாய்த் தட்டியது.
அதையே தின்றேன், நின்றபடி.
நாற்காலி இன்னும் வாங்கவில்லை.

சனிக்கிழமை, ஏழாம் தெரு முனையில் ஒரு மெத்தை.
மேலே ஒட்டிய காகிதத்தில் "இலவசம், மூட்டைப்பூச்சி இல்லை, சத்தியம்."
சத்தியத்தை நம்பித் தலையில் தூக்கினேன்.
காற்று அதைப் பாய்மரமாக்கிற்று.
தபால் நிலையம் பக்கம் போக வேண்டியவள்
தேவாலயத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.
ஒரு லாரி நின்றது. தொப்பிக்காரர் இறங்கி
மறுமுனையைப் பிடித்தார். பெயர் வென்டெல்,
அதைக்கூடச் சட்டையில் தைத்திருந்ததால் தெரிந்தது.
"எந்த வீடு?"
எண் நினைவில் இல்லை. பச்சைக் கதவு என்றேன்,
வாசலில் பாதி சைக்கிள் கிடக்கும் என்றேன்.
"ஓ, டோபின் வீடு."

அதற்குப் பிறகு கேட்கிற எல்லாரிடமும்
நானும் அப்படியே சொன்னேன்.
பீட்சா கொண்டுவருகிறவனுக்கு அது போதும்.
ஆய்வகத்தில் டார்சி மட்டும் சிரித்தாள்:
"அவன் போய் ஒரு வருஷமாச்சு,
எனக்கு இருபது டாலர் தரணும்."

ஆய்வகத்தின் உறைபெட்டியில் முப்பத்திரண்டு குப்பி வெட்டுக்கிளிகள்,
அவற்றுக்குப் பக்கத்திலேயே யாரோ ஒருவரின் பட்டாணி.
செவ்வாய் காலை முதலாண்டு மாணவர்களுக்குக்
கால்களை எண்ணச் சொல்லித் தருகிறேன்.
ஆறு என்கிறார்கள். எப்போதும் ஆறுதான்.
ஆனாலும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

புத்தகம் அகப்பட்டது,
குளிர்பதனப் பெட்டியின் இடது காலுக்கு அடியில்.
உருவினேன். பெட்டி சாய்ந்து முனகியது.
அந்த இடத்தில் என் முதுகலை ஆய்வேட்டைச் செருகினேன்.
அது கொஞ்சம் தடிமன். இப்போது கதவு தானாகவே மூடிக்கொள்கிறது.
எழுதி நான்கு வருடத்தில் அதனால் ஆன முதல் உபயோகம்.

நூலகத்தில் அபராதம் ஒன்பது டாலர்.
டோபினா என்று கேட்டாள் மேசைக்காரி, கண்ணை உயர்த்தாமல்.
இல்லை என்றேன்.
சற்று நேரம் இருவரும் அந்தப் பதிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு ஒரு படிவத்தை நகர்த்தினாள்.
வீட்டு எண், தெரு, அஞ்சல் குறியீடு.
கை தானாக எழுதியது.

அக்டோபரில் முதல் பனி. பூட்ஸைப் போட்டேன்,
கட்டைவிரலில் ஏதோ இடித்தது. குக்கர் வளையம்.
அம்மா எங்கே திணித்திருக்கிறாள் பாருங்கள்.
அதே வாரம் மின்சாரக் கட்டணம் வந்தது,
பெயர்: ஜஸ் சாரா.
திருத்தச் சொல்லலாம். சொல்லவில்லை.
டோபினின் பல் மருத்துவருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

இரவில் அம்மாவின் அழைப்பு.
"இடம் பிடித்திருக்கிறதா?"
பதில் சொல்ல வாயெடுத்தபோது சரக்கு ரயில் வந்துவிட்டது.
ஜன்னல் அதிர்கிறது, குக்கர் சீறுகிறது,
அவள் மறுமுனையில் பொறுமையாக இருக்கிறாள்.
"நூற்றுப் பதினான்கு" என்றேன்.
"என்னடி?"
"ஒன்றுமில்லை அம்மா, பெட்டிகள்.
நேற்றைவிட ஆறு குறைவு."