ஒன்பது இருக்கை

மூன்று வருஷமாக ஒரு டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தேன்.
இப்போது ஒன்பது போட்டிருக்கிறார்கள்,
எல்லாவற்றிலும் என் பெயர்:
இருளப்பன், இருளப்பன், இருளப்பன்.
ரூவி அறையிலும் நாங்கள் ஒன்பது பேர்தான்.

அதையும் உடனே போட்டுவிடவில்லை.
பெருநாள் கழியட்டும், பள்ளிக்கூட லீவு முடியட்டும்,
விலை இறங்கட்டும் என்றார் கம்பெனி ஆள்.
இறங்கும்வரை ஆஸ்பத்திரிக் கூரையின்
சதுரங்களை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.
அறுபத்திரண்டு. ஒன்றில் ஏசித் தண்ணீர்க் கறை.

எப்படி விழுந்தாய் என்று
கேட்காதவர் பாக்கி இல்லை. அதை விடுங்கள்.

விமானக் கம்பெனியின் படிவம் இரண்டு பக்கம்.
லிஸ்ஸம்மா சிஸ்டர் வாசித்துச் சொன்னார்.
உட்கார முடியுமா? முடியாது.
தானே சாப்பிடுவாரா? கை இருக்கிறது, சாப்பிடுவார்.
சிறுநீர்? பை.
பிறகு ஒரு கேள்வியைத் தாண்டப் பார்த்தார்.
தாண்டாதீங்க சிஸ்டர் என்றேன்.
'இவருடைய வாடையோ தோற்றமோ
மற்ற பயணிகளுக்கு அருவருப்பாக இருக்குமா?'
டாக்டர் ஏற்கெனவே இல்லை என்று டிக் அடித்திருந்தார்,
நல்ல மனுஷன்,
என்னை நிமிர்ந்து பார்க்காமலே.

அறையில் யார் போய்ச் சொன்னார்களோ,
கிளம்புகிற ராத்திரி நஜ்முதீன் வந்து
மச்சானுக்கென்று வாங்கிவைத்த அத்தரை உடைத்தான்.
கழுத்தில், அக்குளில், போர்வை விளிம்பில்,
கடைசியில் அந்தப் பையின் மேலும் ஒரு சொட்டு.
டேய், அதுக்கு எதுக்குடா?
அதுவும்தானே உன்கூட வருது.

சிரித்தால் இடுப்புக்கு மேலேதான் குலுங்குகிறது.

எல்லாரும் ஏறும் வாசல் எனக்கில்லை.
மறுபக்கம், சாப்பாட்டுத் தட்டுகள் ஏறுகிற கதவு.
லாரி முதுகில் ஒரு மேடை
படுக்கையோடு என்னைத் தூக்கிக்கொண்டு உயர்ந்தது.
விடியாத நேரத்திலும் அனல்,
கடலின் ஈரம் நெற்றியில் பிசுபிசுத்தது.
மல்லாந்து கிடப்பவனுக்கு
மஸ்கட்டில் மலை இல்லை, மினாரா இல்லை,
விளக்குக் கம்பத்தின் அடிவயிறு மட்டும்.
ஆனால் உயரம் தெரியும்.
பதினோரு வருஷம் சாரம் கட்டினவன் நான்.
இரண்டு ஆள், மூன்று ஆள்,
கதவு வந்தபோது மூன்றரை ஆள்.
கைப்பிடிக் குழாயில் ஒரு கிளாம்ப்
காதருகே கிலுகிலுத்தது.
பாய், அந்த போல்ட் லூஸ்.
பட்டாணியோ பலூச்சியோ, தாடிக்காரர்,
குனிந்து பார்த்தார். ஸ்பானர் எடுத்து வந்து
இரண்டு சுற்று இறுக்கினார். ஆட்டிப் பார்த்தார்.
தமாம்? என்றார்.
தமாம் என்றேன்.
நாலு மாசத்தில் அன்றுதான்
என்னிடம் ஒருவர் வேலை விஷயம் பேசினார்.

மடக்கிய இருக்கைகளின் மேல் படுக்கை,
சுற்றிலும் நீலத் திரை.
வெளியே யாரோ, எவ்வளவு நேரம்யா என்று சலித்துக்கொள்கிறார்.
திருச்சிப் பக்கத்துக் குரல்.
என்னால்தான், நாற்பது நிமிஷம்.
மன்னிச்சுக்குங்க என்று சொல்லலாம்.
திரை பேசுகிறதென்று பயந்துவிடுவார்.

ஓடத் தொடங்கியது. மூக்கு நிமிர்ந்ததும்
உடம்பின் கனமெல்லாம்
தலையிலிருந்து காலுக்கு இறங்குவது தெரிந்தது.
போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

ஒன்பதையும் பங்கு வைத்துப் பார்த்தேன்.
ஜன்னலோரம் நஜ்முதீனுக்கு, அடம்பிடிப்பான்.
குறட்டைக்கார ஞானதிரவியம் கடைசி வரிசை.
சில்ஹெட்டுப் பையன் ரஃபிக்குல் நடுவில்,
இறங்கி வேறு விமானம் பிடித்துக்கொள்வான்.
நான் எங்கே என்று வந்தபோது
கணக்கு குழம்பிவிட்டது.

எனக்கு அடியில்
கட்ட ஆளில்லாத பெல்ட் கொக்கிகள்
ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன,
காற்றடிக்கும்போது சாரம் பேசுகிற மாதிரி.
யாராவது பார்த்து இறுக்க வேண்டும்.
சிஸ்டர், என்றேன்.
வாய் பிளந்து தூங்குகிறார், பாவம், இரட்டை ஷிப்ட்.
கையைக் கீழே விட்டுத் துழாவினேன்.
ஒன்று அகப்பட்டது.
குளிர்ந்திருந்தது. பிடித்துக்கொண்டேன்.