ஒன்பதாம் நாள், வி.கோட்டா சாலை

ஐந்தேகாலுக்கு வேலூரை விட்டபோது
நேற்றைய வெயில் தோளில் ஆறாமல் இருந்தது.
குடியாத்தத்தில் ஒரு டீ. பேர்ணாம்பட்டில் இன்னொன்று.
இரண்டு கடையிலும் ஒரே கேள்வி:
எதுக்கும்மா இது?

குடியாத்தத்தில் சொன்னேன், நேர்த்திக்கடன்.
கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு
காசு வேண்டாம் என்றுவிட்டார்.
பொய்க்குக் கிடைத்த பன்னிரண்டு ரூபாய்
அடுத்த மேடுவரை தொடையில் கனத்தது.
அதனால் பேர்ணாம்பட்டில் மாற்றிச் சொன்னேன்:
பந்தயம்.
ஜெயிச்சா எவ்வளவு?
யோசிக்காமல் நாற்பதாயிரம் என்றேன்.
தோல் பதனிடும் நெடி
ஊர் முடிந்த பிறகும் ஒரு கிலோமீட்டர் கூடவே வந்தது.

சோதனைச்சாவடியில் காவலர்
பைகளை அழுத்திப் பார்த்தார், ரேஷன் அரிசியா என்று.
ஒரு டியூப், இரண்டு சட்டை, அரைக்கிலோ பேரீச்சை.
"யானை இருக்கு. மெதுவாப் போகாதீங்க."
ஏற்றத்தில் என் வேகம் மணிக்கு ஆறு.

நூறு மிதி, ஒரு மடக்குத் தண்ணீர்.
பிறகு அறுபது மிதி, ஒரு மடக்கு.
பிறகு மிதியை விட்டுவிட்டு
மிச்சமிருக்கும் மடக்குகளை எண்ணினேன்.
ஒரு வளைவில் சாணம், ஆவி பறக்க.
அங்கே மட்டும் மணிக்குப் பதினொன்று.

எந்த இடத்தில் மாநிலம் மாறியதென்று தெரியவில்லை.
மைல்கல்லில் எழுத்துகள் உருண்டுவிட்டிருந்தன,
பலவற்றின் தலையிலும் ஒரு சின்ன டிக்,
எழுதியதெல்லாம் சரி என்று யாரோ திருத்திவிட்ட மாதிரி.
எனக்கு வாசிக்க வந்தது எண் மட்டும்.
எட்டு.

வி.கோட்டாவுக்கு முன்னால் சாலை சிவந்திருந்தது.
விலை போகாத தக்காளி.
டிராக்டர்கள் கவிழ்த்துவிட்டுப் போக
லாரிகள் அரைத்திருந்தன.
பிரேக் பிடித்தேன். பிடித்திருக்கக் கூடாது.
முழங்காலில் எது என்னுடையது, எது வயலுடையது
என்று பிரிக்க முடியவில்லை.

காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் வந்து
முதலில் சைக்கிளைத் தூக்கினாள், பிறகு என்னை.
ரெட்டெம்மா என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னாள்.
வந்த திசையையும் போகிற திசையையும் காட்டினேன்.
"எந்துக்கு?"
அது புரிந்தது.
ஆனால் இந்தப் பக்கம் பொய்க்கு என்னிடம் சொல் இல்லை.
நேர்த்திக்கடனுக்குத் தெலுங்கு தெரியாது,
நாற்பதாயிரத்துக்கும் தெரியாது.
வாயைத் திறந்தபடி நின்றேன்.
"ஊரிகேனா?" என்றாள் அவளே.

ஊருக்கேவா என்கிறாள் போல.
ஆமாம், ஊரிகே, ஊரிகே, என்று பலமாகத் தலையாட்டினேன்.
ஏதோ ஓர் ஊருக்குத்தானே போகிறேன்.
அவள் சிரித்த சிரிப்பில் அடுக்கு சரிந்து
பெட்டியொன்று சாலையில் குட்டிக்கரணம் போட்டது.
கேனைச் சாய்த்துக் காலைக் கழுவிவிட்டாள்.
பெட்டிக்கு எவ்வளவு என்று சைகையில் கேட்டேன்.
மூன்று விரல், பிறகு ஒரு சுழி.
முப்பது. அதற்கும் ஆள் இல்லையாம்.
பேரீச்சை இருந்த பையில் நாலு தக்காளியைத் திணித்தாள்.

பலமநேர் வந்தபோது ஆறரை. நூற்றி நான்கு கிலோமீட்டர்.
லாட்ஜில் சாவி கொடுத்த முனெப்பா
ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருந்தவராம்,
தமிழ் அங்கே வந்ததாம்.
முழங்காலைப் பார்த்தார், கதையைக் கேட்டார்.
"ஊரிகேன்னா ஊருக்கு இல்ல மேடம்.
சும்மா.
ஊரிகேன்னா சும்மா."

குளியலறை வாளிமேல் சங்கிலியைத் துடைத்தேன்.
விதைகள் வந்துகொண்டே இருந்தன,
கியர்ப் பல்லில், டயர் வரியில்,
காயத்துக்குள் ஒன்று.
அதை எடுக்கும்போதுதான் எரிந்தது.

நாளைக்குப் புங்கனூர். யாராவது கேட்பார்கள்.
குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில்
நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன், கொஞ்சம் உரக்கவே.
பக்கத்து அறையில் யாரோ
சுவரைத் தட்டினார்கள்.