ஈரக் காலுறை

ஹேங்க்ஸ்வில்லில், பாறையைக் குடைந்து கட்டிய பங்கில்
டீசல் போட்டு, ஐஸ் இரண்டு மூட்டை வாங்கினோம்.
"மத்தியானம்கூடத் தாங்காது" என்றான் கல்லாப் பையன்,
விலை சொல்லும் அதே குரலில்.
தாங்கவில்லை.
பதினொன்றரைக்குக் குளிர்பெட்டியைத் திறந்தால்
முட்டை அட்டை கூழாகி, வெண்ணெய் தெப்பம் விட்டு,
கடுகுச் சாஸ் புட்டி மட்டும் கம்பீரமாக நின்றது.
சிரித்தாய். ஆறு நாளில் இரண்டாவது முறை.

முதல் முறை, கூடாரக் கம்பி முறிந்தபோது.
டேப் சுற்றி நிமிர்த்தினாய்.
இரவெல்லாம் அது நொண்டியது;
காற்று வரும்போதெல்லாம்
துணி என் முகத்தின்மேல் வந்து படுத்தது.

மண் எல்லாவற்றிலும். சிவப்பாக.
பல் துலக்கும் பிரஷ்ஷில், ரொட்டியின் ஓரத்தில்,
உன் காதுமடலின் மடிப்பில்.
பேச்சென்று பார்த்தால்:
வலதா, இடதா. தண்ணீர் எவ்வளவு மிச்சம்.
வீட்டை விற்பதா வேண்டாமா என்பதைப்
புவெப்ளோவிலேயே விட்டுவருவதாகத்தான் ஏற்பாடு.
அதுவும் ஏறி வந்துவிட்டது,
பின்சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு.

ஏழாம் நாள் அந்தப் பிளவு.
வரைபடத்தில் அதற்குப் பெயர் இல்லை, ஒரு புள்ளிக்கோடுதான்.
மேகம் உண்டா என்று மூன்று முறை அண்ணாந்தாய்.
இல்லை. துலக்கிவைத்த நீலம்.
உள்ளே நுழைந்ததும் வெயில் வெளியே நின்றுகொண்டது.
முதலில் கை நீட்டும் அகலம்,
பிறகு தோளகலம்,
பிறகு பையைக் கழற்றி முன்னால் தள்ளிக்கொண்டு
பக்கவாட்டில் நகர வேண்டியிருந்தது.
தலைக்கு மேல் இருபதடி உயரத்தில்
ஏதோ ஒரு வெள்ளம் செருகிவிட்டுப் போன மரக்கட்டை.

அங்கே நின்றாய்.

உருக்காலையில், கிரேன் கூண்டில்,
கொதிக்கும் இரும்புக்கு மேலே
இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவன் நீ.
உன் உள்ளங்கை பாறையில் ஈரமாக ஒட்டியிருந்தது.
"பூட்ஸில் கல்" என்றாய். "நீ போ, கோரின்."
முப்பத்தொரு வருஷத்தில்
உன் பயத்தை நான் நேரில் சந்தித்ததில்லை.
குனிந்து பூட்ஸைப் பார்க்க அங்கே இடமும் இல்லை.

போனேன்.
மூன்று வளைவு.
பாறை சட்டென்று பின்வாங்கி,
ஒரு குளம்.
அதைப் பற்றி இங்கேயும் கொஞ்சம்தான் சொல்வேன்:
ஒளி மேலிருந்து வரவில்லை.
நீரிலிருந்து ஏறிச் சுவரில் நடுங்கிக்கொண்டிருந்தது.
சுண்டுவிரல் நகத்தளவு ஒரு தவளை
என்னைப் பொருட்படுத்தவில்லை.
பூட்ஸைக் கழற்றிவிட்டு, கல் குத்துமென்று காலுறையோடு
முழங்கால் வரை இறங்கி நின்றேன்,
கால் என்னுடையதுதானா என்று சந்தேகம் வரும்வரை.

திரும்பி வந்து சொன்னேன்:
"ஒன்றுமில்லை, ஓரின். பாறை விழுந்து வழி அடைத்திருக்கிறது."
தலையாட்டினாய்.
வெளியே வந்து, வெயிலில் நின்று,
ஏற்கெனவே சுத்தமாக இருந்த பைனாகுலரை
வெகுநேரம் துடைத்தாய்.

இரவு, அடுப்பில் பீன்ஸ் சூடாகும்போது
நான் பையின் அடியில் திணித்திருந்த காலுறைகளை
எப்படியோ கண்டெடுத்துப் பிழிந்தாய்.
இன்னும் சொட்டியது.
என் பேண்ட்டின் முழங்காலில் காய்ந்திருந்த சேற்றுக்கோட்டை
நகத்தால் ஒருமுறை சுரண்டினாய்.
ஒன்றும் கேட்கவில்லை.
நொண்டிக் கம்பியில் இரண்டையும் மாட்டி
காற்று கொண்டுபோகாமல் கிளிப் போட்டாய்.
அன்றைக்குக் கூடாரம் சாயவில்லை. காற்றும் இல்லை,
அதனால் அதற்குப் பெருமை கொள்ள ஒன்றுமில்லை.

காலையில் ரேஞ்சர் லெனோரா
வண்டி எண்களைக் குறித்துக்கொண்டே வந்தாள்.
"பிளவுக்குப் போனீர்களா? குளம் இன்னும் இருக்கிறதா?
இந்த வருஷம் மழையே கிடையாதே."
நான் வாயெடுக்கும் முன்
அவளுக்கும் ஒரு கோப்பை காபி ஊற்றியபடி சொன்னாய்:
"இருக்கிறது. முழங்கால் ஆழம்.
குளிர்தான்
தாங்க முடியவில்லை எங்களால்."