கோத்தகிரி 2

லயத்து வாசல் மைல்கல்லைப் பார்த்து
நிரோஷன் சிரித்தான்.
"அக்கா, இவ்வளவுதான் நான்."

ஆறு வருஷத்தில்
இரண்டாயிரத்து நூற்று நாற்பது கெஜம்.
இலை எடை போடுகிறவள் நான், மனக்கணக்கு வரும்.
பஸ் ஸ்டாண்டுக்கு நாற்பத்து மூன்று மீட்டர் குறைகிறது.
"நடந்து பார்ப்போமா?" என்றேன்.

எங்கப்பா கப்பலேறினார், சித்தப்பா ஏறவில்லை.
அதனால் நான் அரசுத் தோட்டம்,
இவன் வவுனியா வழியாக டொராண்டோ,
ரன்னிங் பேக்.
பேர்தான் கால்பந்து.
பலாப்பிஞ்சு மாதிரி ஒன்றை விலாவில் இடுக்கிக்கொண்டு
எதிரே வரும் பன்னிரண்டு பேருக்குள் புகவேண்டும்,
மூன்று தடவைக்குள் பத்துக் கெஜம்.

மாரியம்மன் கோவில் வளைவுக்கு முன்னாலேயே
முதல் வருஷம் முடிந்துவிட்டது.
"கூட நேரம் பெஞ்சிலதான்."

இரண்டாம் வருஷம் நீளம்.
சில்வர் ஓக் வரிசை, பால் சொசைட்டி, ரேஷன் கடை,
ஒரு மிலிட்டரி லாரி எங்களை ஓரங்கட்டிப் போனது,
இன்னும் இரண்டாம் வருஷமே.
தொள்ளாயிரத்து மூன்று.
அவனுக்கு மூச்சு வாங்கவில்லை,
முட்டிதான் பேசிக்கொண்டே வந்தது.

மூன்றாவதும் மோசமில்லை, சர்ச் கேட் தாண்டியது.

நாலாவது,
டிரான்ஸ்பார்மரிலிருந்து பேக்கரிப் படி வரைக்கும்.
ஒரு முழு வருஷம். நாற்பது கெஜம்.
"ரெஜைனாவில, செப்டம்பர் மாசம்.
சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது."
ஈரத்துக்கென்று கூடைக்கு ஒரு கிலோ கழிக்கிறவள் நான்.
இவனிடம் என்ன கழித்தார்கள் என்று
கேட்க வாய் வரவில்லை.
கால் கிலோ வர்க்கி வாங்கினேன்.

ஐந்தாவது இறக்கம்.
பின்பக்கமாக நடந்தான், முட்டிக்கு அதுதான் சுகமாம்,
என்னைப் பார்த்தபடி, ஊருக்கு முதுகு காட்டியபடி.
கடைசி வருஷம் பதினாறு.
ஒவ்வொன்றாக எண்ணி வைத்தான்.

அது முடிந்த இடத்தில் ஒரு மதகு,
கேரட் கழுவிய தண்ணீர்.
அதற்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே
மூன்று காட்டெருமைகள்.

பழக்கம்தான், போகும்வரை ஊரே நிற்கும்.
ஜீப் நின்றது, முட்டைக்காரர் நின்றார்.
நிரோஷனின் தோள் மட்டும் தானாக இறங்கியது.
வர்க்கிப் பொட்டலம் விலாவுக்குள் போனது.
இரண்டு கொம்புகளுக்கு நடுவில்
அவன் கண் போன இடத்தில்
ஒரு சந்து இருந்தது.
அவன் பார்த்த பிறகு எனக்கும் தெரிந்தது.

சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.
"சும்மா பார்த்தேன் அக்கா."
முன்னங்கால் மட்டும்
இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

மாடுகள் தேயிலைக்குள் இறங்கின.
ஹார்ன் அடித்துக்கொண்டு எல்லாரும் கிளம்பினார்கள்.
வர்க்கி தூளாகிப் போயிருந்தது.
பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில்
இரண்டு ஸ்பூன் கேட்டோம்.