பதினொரு நாள் மூத்த அப்பா

குனிஹிரோ என்னைவிடப் பதினொரு நாள் மூத்தவன்.
அதற்காகத்தான் ஒட்டாரு நகரசபையில்
இரண்டாம் எண் ஜன்னலில்
முத்திரை குத்திக் கொடுத்தார்கள்:
அவன் தகப்பன், நான் மகன்.
ஒரு நாள் மூத்திருந்தாலே போதுமாம்.
பத்து நாள் உபரி.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில்
அவனுக்குக் குடல்வால் வெடித்தது.
நீங்கள் யார் என்று கேட்டாள் தாதி.
பத்தொன்பது வருடத்தை ஒரு சொல்லில் கேட்கிறாள்.
கூடக் குடியிருப்பவன் என்றேன்.
விடியும்வரை தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்கள்.
காசு போட்டால் காப்பி தரும் இயந்திரம் மட்டும்
ஒவ்வொரு முறையும்
நன்றி, மீண்டும் வருக என்றது.

ஆகவே தத்துப் போனேன், நாற்பத்திரண்டு வயதில்.
இகராஷி என்ற என் குடும்பப் பெயரைக்
கடைப் பலகையிலிருந்து சுரண்டி
நுமாதா என்று எழுதினோம்.
மழை நாளில் பழைய எழுத்து இன்னமும்
அடியிலிருந்து கசிந்து தெரியும்.
புத்தாண்டு தோறும்
உறையில் பணம் வைத்து நீட்டுவான்,
மகனுக்குத் தர வேண்டுமே.
வாங்கிக்கொண்டு
அவன் சிகரெட் கடனை அடைப்பேன்.

என் கடையில் நாற்காலி இரண்டு.
ஒன்றில் ஒஹாத்தா சாய்ந்திருக்கிறார், முகம் முழுக்க நுரை.
ரேடியோவில் அதே விவாதம்.
குடும்பம் என்னவாகும் என்கிறார் ஒருவர்,
நாங்கள் என்னவானோம் என்கிறாள் ஒருத்தி.
ஒஹாத்தா நல்லவர்.
நாங்கள் தகப்பனும் மகனுமான அன்று
நான்கு ஹெர்ரிங் மீனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து
ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டுப் போனவர்.
அவர் சொல்கிறார்:
"வாழட்டும், யார் தடுத்தது?
கால்கட்டுக்குச் சட்டம் எதற்கு?"
சவரக்கத்தி என் கையில் இருக்கும்போது
மனிதர்கள் நிதானமாகத்தான் பேசுவார்கள்.
நானும் நிதானமாகத் தாடையைத் தூக்கிப் பிடித்து
தொண்டையைச் சுத்தமாக மழித்தேன்.
உங்களுக்கு இருக்கிறதே, அது எதற்கு,
என்று கேட்கவில்லை.
துண்டைச் சூடாக்கப் போய்விட்டேன்.

பிப்ரவரியில் சப்போரோவிலிருந்து மினோரி வந்தாள்,
வழக்குக்கு ஆதரவாகக் கையெழுத்துத் திரட்ட.
பூட்ஸ் நிறையப் பனி.
எங்கள் கதையைக் கேட்டுக் கண் மலர்ந்தாள்,
பிறகு பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தாள்,
பிறகு வெகுநேரம் பேசவில்லை.
தத்துத் தகப்பனும் தத்துப் பிள்ளையும்
மணந்துகொள்ளக் கூடாது.
தத்தை ரத்து செய்தாலும் கூடாது.
என்றைக்கும்.

நாளைக்கே சட்டம் மாறினாலும்
ஊரெல்லாம் வாசல் வழியாக உள்ளே போகும்.
பனிக்குப் பயந்து
ஜன்னல் ஏறிக் குதித்தவர்களுக்கு
வாசல் கிடையாது.

குனிஹிரோ சிரித்தான்.
இருமல் வரும்வரை சிரித்தான்.
பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு
கூரை ஏறிப் பனி தள்ளினான்.
எங்கள் கூரை முடிந்தது.
பக்கத்து வீட்டுக் கூரையும் முடிந்தது.
இருட்டிய பிறகும்
தகரத்தில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது.

இறங்கி வந்து கையெழுத்துப் போட்டான்.
எஞ்சின் எண்ணெய் இறங்கிய கட்டைவிரல்
தாளின் ஓரத்தில் கறுப்பாய்ப் பதிந்தது.
உங்களுக்குத்தான் இதில் பயனில்லையே,
என்றாள் மினோரி, மெதுவாக.
"மகனுக்கு நல்ல இடம் அமையட்டும் என்றுதான்,"
என்றான் அவன், முகத்தில் சலனமில்லாமல்.
அவளுக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை.
எனக்கும்.

அன்று மூன்றாம் ஞாயிறு, அவனுக்கு முடிவெட்டும் நாள்.
கடையைப் பூட்டி, திரையை இழுத்துவிட்டு
நொண்டி நாற்காலியில் உட்கார வைத்தேன்.
பிடரியில், காலருக்குள் மறையும் இடத்தில்
ஒரு சின்ன மயிர்ச்சுழி இருக்கிறது.
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
கத்திரியை அங்கே கொண்டுபோகும்போதெல்லாம்
அவனுக்குக் கூசும், இந்த வயதிலும்.

அசையாதே, என்றேன்.
அசைந்தான்.