மூன்று வேளை

காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து.
கைபேசி அதிரும்.
மீன் ஆலையில் இருந்தால் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு
பழுப்புப் புட்டியிலிருந்து பத்து மில்லி கார்னிட்டின்.
செர்ரிச் சுவை என்று எழுதியிருக்கிறார்கள்.
எழுதியவர் செர்ரி தின்றதில்லை.

இந்தத் தீவுகளில் மரம் குறைவு, ஆடு அதிகம்,
குடும்பப் பெயர்கள் கொஞ்சம்தான்.
ஒரே கடலைச் சுற்றிச் சுற்றியே
பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம்.
படகோடும் நிலத்தோடும்
ஓர் எழுத்துப் பிழையும் கைமாறியது.

மருத்துவர் மார்னா படம் போட்டுச் சொன்னாள்:
"கொழுப்பை எரித்துத்தான் இதயம் ஓடுகிறது.
அதை அடுப்புக்குள் தள்ள ஓர் ஆள் வேண்டும்.
உன் உடம்பில் அந்த ஆள்
சிறுநீரோடு வெளியே போய்விடுகிறான்."
சிரித்துவிட்டேன்.
அப்புறம் ஹானுஸ் நினைவுக்கு வந்தான்.

என் தம்பி. பத்தொன்பது வயது.
தொண்டைவலிக்கு நான்கு நாள் மாத்திரை,
சோறு தண்ணீர் இறங்கவில்லை.
ஞாயிறு காலை எழுப்பப் போன அம்மா
கதவருகிலேயே நின்றாள்.
தூக்கத்தில் போவது கொடுத்துவைத்த சாவு என்றது ஊர்.
கொடுத்துவைத்த.
மிச்சமிருந்ததையும் அந்த மாத்திரைதான் வழித்துப் போனது என்று தெரிய
பதினோரு வருடம் ஆனது.

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்
ஊரே வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தது.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே என் முறை.
கடிதம் வரும் என்றார்கள். தொலைபேசி வந்தது.
"என்ன செய்துகொண்டிருக்கிறாய்?"
ஆட்டை விரட்டிக்கொண்டிருக்கிறேன்.
"உட்கார். உடனே உட்கார்."

மருந்து குடித்தால் வியர்வையில் மீன் நாறும்.
கோபன்ஹேகனில் படித்த வருடம்
பேருந்தில் ஒருத்தி எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள்.
இரண்டு வாரம் புட்டியைத் தொடவில்லை.
நாற்றம் போயிற்று.
மூன்றாம் மாடிக்கு ஏறும் மூச்சும் போயிற்று.

இங்கே எல்லார் மேலும் மீன்தான்.
இதில் என்னுடையது எது என்று
பியார்கியால்கூடப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.
கழுத்தோரம் முயன்று பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

ரன்வா பிறந்து ஐந்து நாள்.
அவள் குதிகாலில் எடுத்த ரத்தத் துளிகள்
காகிதத்தில் காய்ந்து விமான நிலையத்தில் கிடக்கின்றன.
மூடுபனி. செவ்வாய் விமானம் கிளம்பவில்லை.
புதன் விமானமும் இல்லை.
தூங்க விடாமல் இரண்டு மணிக்கொருமுறை பால் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள் மார்னா.
தூங்கினால் நான் தூங்குவதில்லை.

இரவு பத்து. குடிக்கிறேன்.
கரண்டியில் ஒட்டியதையும் நக்குகிறேன்.
தொட்டிலில் ஒரு கொட்டாவி.
விரல்விட்டு எண்ணுகிறேன்:
ஒன்று.